வீட்டுக் கொல்லையில் உருளைக்கிழங்கு: விதையே முதல்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் கிராமம், ஸ்ரீ சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் 1878-ஆம் வருஷத்தில் பிறந்த ஊர் என்ற வகையில் யாவரும் அறிந்ததே. தென்பெண்ணையாற்றின் பக்கத்தில், கர்நாடக எல்லைக்குச் சமீபமாய் இருப்பது. முன்னர்ச் சேலம் ஜில்லாவிலும், பின்னர்த் தருமபுரி ஜில்லாவிலும் இருந்த இந்தப் பிரதேசம் 2004-ஆம் வருஷமுதல் கிருஷ்ணகிரி ஜில்லாவைச் சேர்ந்ததாகும். கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருப்பதனால், சமவெளி ஜில்லாக்களில் எண்ண முடியாத காய்கறிகளும் இங்கே இயல்பாய் விளைகின்றன. 1970-களில் ஓசூரில் தொழிற்பேட்டை ஏற்பட்டது முதல், நிலம் குறைந்து மனை பெருகிவருகின்றது. ஆயினும் பல வீடுகளின் பின்புறத்தில் அரை செண்டு, ஒரு செண்டு கொல்லை இன்னும் எஞ்சியிருக்கின்றது. அக்கொல்லையில் கீரையும் அவரையும் போட்ட பிறகு, குடும்பத்தினர் அடுத்தபடியாக ஆசைப்படுவது உருளைக்கிழங்கே. கன்னடத்தார் ஆலூகட்டெ என்றும், தெலுங்கர் உர்லகட்ட என்றும், தமிழர் உருளை என்றும் மூன்று பாஷைகளில் அழைக்கும் இந்தக் கிழங்கு, மூன்று பாஷைக்காரர் அடுப்பிலும் வாரம் தவறாமல் வேகின்றது.

ஆனால் ஆசைப்பட்டு நட்டவர்களில் அநேகர் கண்ட பலன் ஒரே மாதிரியானது. சமையலறைக் கூடையில் மீந்து முளைவிட்ட நாலைந்து கிழங்குகளை எடுத்து, வெட்டி, கொல்லையில் புதைக்கிறார்கள். செடி நன்றாய் எழும்புகின்றது. இலை பச்சென்று விரிகின்றது. பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சுகிறார்கள். மூன்று மாதம் கழித்துத் தோண்டினால் கோலிக்குண்டு அளவில் பத்துப் பன்னிரண்டு கிழங்கு வெளிவருகின்றது. சில வேளை அதுவுமில்லை. "இந்த மண் உருளைக்கு ஒத்துக்கொள்ளாது" என்று சொல்லி, அடுத்த வருஷம் அந்த இடத்தில் வெண்டை போட்டுவிடுகிறார்கள்.

மண்மீது பழி சுமத்துவது நியாயமன்று. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் குடியானவர்கள் வயல்களில் உருளைக்கிழங்கு பயிரிட்டு வருகிறார்கள். எல்லைக்கு அப்பால் கோலார், சிக்கபள்ளாப்பூர், ஹாசன் ஜில்லாக்களில் அது பெரும்பயிராகவே நடக்கின்றது. அதே செம்மண், அதே குளிர். வயலுக்கும் கொல்லைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இரண்டே: நடும் பருவம் ஒன்று, நடும் விதை மற்றொன்று. இவ்விரண்டிலும் பருவத்தைச் சுருக்கமாகவும், விதையைச் சற்று விரிவாகவும் இங்கே சொல்லப்படும். ஏனெனில், பருவம் தவறினவன் மறு வருஷம் திருத்திக்கொள்ளலாம். கெட்ட விதையைப் போட்டவனோ தன் மண்ணையே கெடுத்துக்கொள்ள நேரிடும்.

பருவம்

உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பிரதேசத்தில் தோன்றிய பயிர். பகலில் வெயிலும் இரவில் குளிரும் அதற்கு வேண்டும். இரவு உஷ்ணநிலை 20 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இருந்தால்தான் இலையில் உண்டாகும் மாச்சத்து கீழிறங்கிக் கிழங்காய்த் திரளும். இரவு புழுக்கமாயிருந்தால் செடி தழைத்துக்கொண்டே போகும், கிழங்கு கட்டாது. மாசி கழிந்து, பங்குனியில் நட்டவர்களுடைய செடி ஆளுயரத்திற்கு ஆசைப்பட்டதும், அடியில் ஒன்றுமில்லாமற் போனதும் இதனாலேயே.

ஆகவே இப்பகுதியில் வீட்டுத் தோட்டத்திற்கு ஏற்ற காலம் ஐப்பசிப் பிற்பகுதியும் கார்த்திகை முற்பகுதியுமாகும். ஐப்பசி மழையின் வேகம் தணிந்து நிலம் கால் பதியாதபடி உலர்ந்தவுடன் நட்டால், கிழங்கு திரளும் நாட்கள் மார்கழி, தை மாதங்களின் குளிரில் விழும். மாசியில் தோண்டிவிடலாம். ஆனியிலும் ஆடியிலும் மழையை நம்பி நடும் வழக்கமும் எல்லைப்புறத்தில் உண்டு. ஆனால் அக்காலத்து ஈரத்தில் இலைக்கருகல் நோய் மிகுதியாதலால், மருந்தடிக்கும் கருவிகள் இல்லாத கொல்லைக்காரர்களுக்கு அது தகாது.

விதை

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாய் அறிதல் வேண்டும். உருளைக்கிழங்கு வேரன்று, மண்ணுக்குள் திரண்ட தண்டு. அதன் மேலுள்ள குழிகள் கண்கள் எனப்படும். ஒவ்வொரு கண்ணும் ஒரு மொட்டு. நாம் விதை என்று நடுவது உண்மையில் ஒரு பழைய செடியின் துண்டேயாகும். கத்தரி விதை தாய்ச்செடியின் பெரும்பாலான நோய்களை விட்டுவிட்டுப் பிறக்கின்றது. உருளை விதையோ தாயின் உடம்பாகவே இருப்பதால், தாய்க்கு இருந்த நோய் அனைத்தும் பிள்ளைக்கும் உண்டு. முக்கியமாய், அசுவினிப் பேன்கள் இலைச்சாற்றை உறிஞ்சிப் பரப்பும் நச்சுயிரி நோய்கள் கண்ணுக்குப் புலப்படாமல் கிழங்கினுள் தங்கி, வருஷத்துக்கு வருஷம் பெருகுகின்றன. ஒரே கிழங்கை மூன்று நான்கு முறை திரும்பத் திரும்ப நட்டால் விளைச்சல் படிப்படியாய்க் குன்றுவதற்குக் காரணம் இதுவே. இதனைக் குடியானவர்கள் "விதை கிழடாகிவிட்டது" என்பர். சொல் பொருத்தமானதே.

கடைக்கிழங்கைப் பற்றி இப்போது சொல்லலாம். ஓசூர்ச் சந்தைக்கு வரும் கிழங்கு உத்தரப் பிரதேசம், கர்நாடகம், நீலகிரி என்று பல இடங்களினின்று வருவது. அதை விளைத்தவன் தின்பதற்கென்று விளைத்தான், விதைக்கென்று அன்று. எத்தனை தலைமுறை கண்ட கிழங்கு, எந்த ரகம், எந்த நோயுள்ள நிலத்தில் விளைந்தது என்பன விற்பவனுக்கே தெரியா. சில கிடங்குகளில் முளை எழும்பாமலிருக்க மருந்தும் இடுகிறார்கள். அத்தகைய கிழங்கைச் சமைத்து உண்ணுதல் ஒன்று. அதை நட்டுப் பலன் எதிர்பார்த்தல் வேறொன்று.

நீலகிரிக் கிழங்கைப் பற்றித் தனியாகவே எச்சரித்தல் அவசியம். ருசியில் அதற்கு ஈடில்லை. உதகைக்குச் சென்று திரும்புபவர்கள் ஒரு பை வாங்கி வருவதும், நல்ல மலைக்கிழங்கு என்று அதிலே கொஞ்சம் விதைக்கு எடுத்துவைப்பதும் சகஜம். 1961-ஆம் வருஷத்தில் அம்மலை நிலங்களில் முட்டைக்கூடு நூற்புழு என்னும் கண்ணுக்கெட்டாத வேர்ப்புழு கண்டுபிடிக்கப்பட்டது. பெண் புழு செத்தபின் அதன் உடலே கடுகிலும் சிறிய ஒரு கூடாகி, நூற்றுக்கணக்கான முட்டைகளை அடக்கிக்கொண்டு மண்ணில் பல வருஷங்கள் உயிரோடு கிடக்கும். கிழங்கின் தோலில் ஒட்டிய ஒரு துளி மண்ணே அதற்கு வாகனம். ஆகையினாலேதான் நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கை வெளி ஜில்லாக்களுக்குக் கொண்டுபோவதைத் தமிழ்நாடு அரசாங்கத்தார் 1971-ஆம் வருஷத்தில் தடை செய்தனர். ஒரு பை கிழங்கினால் தொரப்பள்ளி மண்ணில் அந்தப் புழு குடியேறிவிட்டால், அதன் பிறகு விரட்டுவதற்கு வழி காண்பது மிகக் கடினம். கொல்லைக்காரன் மட்டுமன்றி, அவனுடைய அண்டை வயற்காரனும் அதனால் கெடுவான்.

அப்படியானால் விதை எங்கே கிடைக்கும்? வட இந்தியச் சமவெளியில், விசேஷமாய்ப் பஞ்சாபில் ஜலந்தர்ப் பக்கத்தில், ஐப்பசியில் நட்டு, அசுவினி பெருகும் முன்னரே மார்கழிக் கடைசியில் இலையையும் தண்டையும் வெட்டியெறிந்து, நோயில்லாத விதையை எடுக்கும் முறை ஒன்று வழங்கிவருகின்றது. மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தார் இம்முறையை வகுத்தனர். 1949-இல் பாட்னாவில் தொடங்கப்பெற்ற அந்நிலையம் 1956-இல் சிம்லாவுக்கு மாற்றப்பட்டது. சிம்லாவுக்கு அருகிலுள்ள குஃப்ரி என்னும் ஊரின் பெயரையே அவர்கள் தங்கள் ரகங்களுக்கு முன்னடையாக வைத்திருக்கிறார்கள். 1968-இல் வெளியான குஃப்ரி ஜோதி என்னும் ரகம் தென்னாட்டில் பெரிதும் பரவியிருக்கின்றது. ஜலந்தர் விதை குளிர்கிடங்கில் வைக்கப்பட்டுக் கர்நாடக மண்டிகளுக்கு வருகின்றது.

வாங்கும்போது மூட்டையின் வாயில் முத்திரையும் சீட்டும் இருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். அரசாங்கச் சான்று பெற்ற விதைக்கு நீலநிறச் சீட்டும், அதற்கு மேற்பட்ட ஆதார விதைக்கு வெள்ளைச் சீட்டும் கட்டப்பட்டிருக்கும். சீட்டில் ரகத்தின் பெயரும், சான்றின் காலமும் எழுதியிருக்கும். "சீட்டு கிழிந்துவிட்டது, சரக்கு அதேதான்" என்று சொல்லும் வியாபாரியிடம் அந்தச் சரக்கை விட்டுவிட்டு வருவதே உசிதம்.

ஏழு வீடு, ஒரு மூட்டை

இவ்விடத்தில்தான் கொல்லைக்காரருக்குச் சங்கடம் வருகின்றது. சான்று விதை பெரும்பாலும் 50 கிலோ மூட்டையாகவே விற்கப்படுகின்றது. அரை செண்டுக் கொல்லைக்கு வேண்டுவது ஏழு கிலோ மாத்திரமே. ஏழு கிலோவுக்காக மூட்டையைப் பிரித்துத் தர எந்த மண்டிக்காரனும் இசையான். பிரித்துத் தந்தாலும் முத்திரை போய்விட்டபடியால் அது எந்த மூட்டையினது என்பதற்கு அத்தாட்சி இல்லை. எனவே நல்ல எண்ணமுள்ளவர்களுங்கூடக் கடைசியில் சந்தைக் கூடைக்கே திரும்புகிறார்கள்.

இதற்குப் பரிகாரம் புதிதாய்க் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நீலகிரியில் உருளை பயிரிடுவோர் தனித்தனியே தரகரிடம் சிக்கித் துன்புற்ற பின்பு, 1935-ஆம் வருஷத்தில் ஒன்றுகூடிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் ஒன்றை ஸ்தாபித்தனர். அச்சங்கம் மேட்டுப்பாளையத்தில் அங்கத்தினர்களின் மூட்டைகளை ஏலத்தில் விற்கும் ஏற்பாட்டைச் செய்துவந்தது. அவர்கள் விற்பதற்குக் கூடினார்கள். இங்கே வாங்குவதற்குக் கூடினால் போதும். ஏழு வீட்டார் சேர்ந்தால் ஒரு மூட்டை கணக்காய்ப் பிரிந்துவிடும். சங்கம் பதிவு செய்யவேண்டும், தலைவர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற ஆடம்பரம் ஒன்றும் இதற்குத் தேவையில்லை. உள்ளூர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலமாய் ஆர்டர் கொடுக்க முடிந்தால் நலம். முடியாவிடில் ஏழு பெயர் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகமே போதும்.

ஆயினும் இத்தகைய சிறு கூட்டு முயற்சிகள் பணத்தினால் கெடுவதைவிடப் பங்கீட்டினால் கெடுவதே அதிகம். ஆகையால் சில ஒழுங்குகளை முன்னதாகவே பேசிக்கொள்ளுதல் நன்று. முழுப் பணத்தையும் ஆவணியிலேயே வசூலித்து, வசூலித்த அன்றே புத்தகத்தில் எழுதிக் கையொப்பமோ ரேகையோ வாங்கவேண்டும். பின்னால் தருகிறேன் என்பவருடைய பெயரை அடுத்த வருஷத்திற்கு வைத்துக்கொள்ளலாம். வாங்கச் செல்பவர் இருவராய்ச் செல்லவேண்டும். பஸ் கட்டணமும் மூட்டைக் கூலியும் விலையோடு சேர்த்தே எழுதப்படவேண்டும். போய்வந்தவரின் தயாளத்தில் விடப்பட்ட செலவு அடுத்த வருஷம் மனக்கசப்பாய் முளைக்கும். மூட்டையை எல்லாரும் இருக்கும்போது பிரித்து, அழுகல் கிழங்கை முதலில் எடுத்துவிட்டு, அந்த நஷ்டத்தை ஏழாய் வகுக்கவேண்டும். பிறகு கிழங்கைப் பெரிது, நடுத்தரம், சிறிது என மூன்று குவியலாக்கி ஒவ்வொரு குவியலையும் தனியே ஏழு பாகமாய் நிறுத்துத் தரவேண்டும். நினைத்தவர் நினைத்ததைப் பொறுக்குவதென்று விட்டால், முதலில் வந்தவர் முட்டை அளவுள்ள நல்ல விதையை எல்லாம் எடுத்துப் போய்விடுவார். நேரத்தோடு வேலைக்குப் போய்த் தாமதமாய் வந்தவருக்கு வெட்டி நடவேண்டிய பெருங்கிழங்கே மிஞ்சும். கூட்டு உடைவது அந்த இடத்தில்தான்.

நிலம் தயாரித்தல்

சென்ற இரண்டு வருஷங்களில் தக்காளி, கத்தரி, மிளகாய் போட்டிராத இடமாய்ப் பார்த்தல் முக்கியம். இவை நான்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றின் வாடல் நோய் மற்றொன்றுக்கும் வரும். ஓசூர்ப் பகுதியில் தக்காளி போடாத கொல்லை அபூர்வமாகையால் இந்த நிபந்தனையே பலரைத் தடுக்கும். கேழ்வரகு, அவரை, கொள்ளு அல்லது கீரை இருந்த இடமாயின் சிரேஷ்டம்.

ஒரு முழ ஆழத்திற்குக் கொத்திக் கட்டிகளை உடைத்து, நன்றாய் மக்கிய தொழுவுரம் அரை செண்டுக்கு 40 அல்லது 50 கிலோ கலந்துவிடவேண்டும். மக்காத பச்சைச் சாணம் கிழங்கைத் துளைக்கும் வெண்ணிறக் குண்டுப்புழுவை வரவழைக்கும். அடுப்புச் சாம்பலை வாரி இறைக்கும் வழக்கமும் இப்பயிருக்கு ஆகாது. சாம்பல் மண்ணின் காரத்தன்மையை மிகுவித்துக் கிழங்கின் தோலில் சொறி உண்டாக்கும். எருவோடு சூப்பர் பாஸ்பேட் 2 கிலோவும், பொட்டாஷ் 400 கிராமும் அடியில் இடலாம். யூரியா அரை கிலோவுக்கு மிஞ்சாமல், நடும்போது பாதி, மண் அணைக்கும்போது பாதி. அதிகம் போட்டால் மறுபடியும் இலைதான் விளையும்.

நீரைப்பற்றி ஒரு வார்த்தை. பெங்களூருப் பக்கத்துக் கழிவுநீர் கலந்து வருவதால், தென்பெண்ணையின் கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்தில் மலைபோல் நுரை பொங்குவதைப் பத்திரிகைகள் பலமுறை எழுதியிருக்கின்றன. கிழங்கு மண்ணோடும் நீரோடும் நேரே உறவாடும் உணவு. ஆற்றுநீரைக் கொல்லைக்குப் பாய்ச்சுதல் எளிதாயிருப்பினும் அதை விலக்கிக் கிணற்று நீரையோ சேமித்த மழை நீரையோ பயன்படுத்துவதே விவேகம். அரிசி களைந்த நீர் நல்லது. சோப்பு நீர் கூடாது.

நடுதலும் மண் அணைத்தலும்

குளிர்கிடங்கினின்று வந்த விதையை உடனே நடலாகாது. ஒரு வாரம் பத்து நாள், வெயில் நேரே படாத வெளிச்சமான திண்ணையில் ஒரே அடுக்காய்ப் பரப்பி வைத்தால், குட்டையாய், தடித்து, பச்சையும் ஊதாவுமாய் முளை எழும்பும். இருட்டில் மூட்டையாகவே வைத்திருந்தால் வெளுத்த நீண்ட முளை வரும், தொட்டால் ஒடிந்துவிடும். கோழிமுட்டை அளவுள்ள, 40 அல்லது 50 கிராம் நிறையுள்ள விதையை முழுதாய் நடுவதே உத்தமம். பெரிதானால் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கண்ணாவது இருக்கும்படி நீளவாக்கில் வெட்டலாம். ஒவ்வொரு கிழங்குக்குப் பிறகும் கத்தியை நெருப்பிலோ கொதிநீரிலோ காட்டுதல் வேண்டும். உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தால் அந்தக் கிழங்கைத் தொலைவில் எறிந்துவிடவேண்டும். வெட்டிய துண்டை இரண்டு நாள் நிழலில் வைத்தால் காயத்தின்மேல் தோல் கட்டும். அதன்பிறகு நட்டால் அழுகாது.

இரண்டடிக்கு ஒரு பார் பிடித்து, பாரில் எட்டங்குலத்துக்கு ஒன்றாய், முளை மேல்நோக்க, மூன்றங்குல ஆழத்தில் நடவேண்டும். இந்தக் கணக்கில் அரை செண்டுக்கு ஏறக்குறைய 165 விதை பிடிக்கும். பத்துப் பதினைந்து நாளில் முளை வெளிவரும். நீர் எப்போதும் சாலில்தான். பாரின் உயரத்தில் பாதிக்குமேல் ஏறலாகாது. ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை இலேசாய்ப் பாய்ச்சினால் போதும். நிலத்தைக் காயவிட்டுப் பிறகு ஒரேயடியாய் நிரப்பினால் கிழங்கு வெடிக்கும்.

செடி ஒரு சாண் உயர்ந்தவுடன், அதாவது ஏறக்குறைய 30-ஆம் நாளில், சால் மண்ணை வெட்டி அடித்தண்டின் மேல் அணைக்கவேண்டும். 45-ஆம் நாளில் இன்னொரு முறை. இதை வெறும் களையெடுப்பு என்று எண்ணிச் சோம்புபவர்கள் பாதி விளைச்சலை இழக்கிறார்கள். அடித்தண்டினின்று வெண்மையான கிளைத்தண்டுகள் மண்ணுக்குள் பக்கவாட்டில் ஓடி, நுனியில் கிழங்காய்ப் பருக்கின்றன. மண் போதாமல் அந்த நுனி வெளிச்சத்தைக் கண்டால் கிழங்காகாமல் இலையாய் மாறிவிடும். கிழங்கானபின் வெளிச்சம் பட்டால் பச்சை நிறங்கொள்ளும். அந்தப் பச்சையோடு சோலனைன் என்னும் நஞ்சும் சேருகின்றது. பச்சைபட்ட பகுதியும் முளையும் சமையலுக்கு ஆகா. வேகவைத்தாலும் அந்நஞ்சு போகாது. செடியின் இலையும், சிறு தக்காளிபோல் தோன்றும் காயும் அவ்வாறே. கொல்லையில் குழந்தைகளும் ஆடுகளும் நடமாடும் வீட்டார் இதை மறத்தல் கூடாது.

நோய்கள்

இரண்டு நோய்களை அடையாளங் கண்டுகொள்ளத் தெரிந்தால் போதும்.

முதலாவது இலைக்கருகல். மேகமூட்டமும் பனியும் சேர்ந்த நாட்களில் இலையோரத்தில் நீர்கோத்த கரும்புள்ளிகள் தோன்றும். காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் புள்ளியைச் சுற்றி வெண்பூஞ்சை தெரியும். ஒரு வாரத்தில் பாத்தி முழுவதும் வெந்ததுபோலாகிவிடும். அயர்லாந்து தேசத்தில் 1845-இல் வந்து, ஏறக்குறைய பத்து லட்சம் ஜனங்கள் மடியும்படி செய்த பஞ்சத்திற்கு மூலம் இந்நோயே. அங்கே ஏழைகள் பெரும்பாலும் ஒரே ரக உருளையை நம்பி வேறு ஆகாரமின்றி வாழ்ந்துவந்தனர். இப்பகுதியில் கேழ்வரகு இருக்கும்வரை அந்த விபத்துக்கு இடமில்லையெனினும், கொல்லைப் பயிர் அழிவது உறுதி. மழை மூட்டம் கண்டவுடன், நோய் வருமுன்னரே, போர்டோ கலவை தெளித்தல் வேண்டும். மயில்துத்தம் 100 கிராமை ஐந்து லிட்டர் நீரிலும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை வேறு ஐந்து லிட்டர் நீரிலும் மண்பாத்திரத்திலோ பிளாஸ்டிக் வாளியிலோ தனித்தனியே கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்கவேண்டும். இரும்புப் பாத்திரம் உதவாது. தீட்டிய கத்தியை அதில் நனைத்து எடுக்கும்போது செம்புநிறப் படிவு உண்டாயின் சுண்ணாம்பு போதாதென்று அறிந்து இன்னுஞ் சிறிது சேர்க்கலாம். கலந்த அன்றே தெளித்துவிடவேண்டும், மறுநாள் பயன்படாது.

இரண்டாவது வாடல் நோய். மண்ணில் ஈரமிருந்தும் செடி ஒரு பகலில் தொய்ந்து விழும். நீர் போதவில்லை என்று மேலும் ஊற்றுபவரே அதிகம். ஐயமிருந்தால் அடித்தண்டை ஓர் அங்குல நீளத்திற்கு அறுத்து, தெளிந்த நீருள்ள கண்ணாடி டம்ளரில் நுனி மாத்திரம் முழுகும்படி பிடித்துப் பார்க்கவேண்டும். சில நிமிஷங்களில் அறுபட்ட இடத்தினின்று பால்போன்ற இழை கீழிறங்கினால் அது கிருமியால் வந்த வாடல் நோய். இதற்கு மருந்தில்லை. அந்தச் செடியைச் சுற்றிய மண்ணோடும் கிழங்கோடும் எடுத்து எரித்துவிட்டு, அவ்விடத்தில் இரண்டு மூன்று வருஷம் கேழ்வரகோ சோளமோ போடவேண்டும். குப்பைக் குழியில் எறிந்தால் எருவின் வழியாய் நோய் திரும்பவும் வரும்.

தோண்டுதலும் வைத்திருத்தலும்

90 நாளில் இலை பழுக்கத் தொடங்கும். அதன்பின் நீரை நிறுத்திப் பத்து நாள் விட்டு, செடியைத் தரையோடு அறுத்துவிடலாம். மேலும் ஒரு வாரம் கழித்து ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துத் தோல் உரியாவிடில் தோண்டலாம். மண்வெட்டியைத் தவிர்த்துப் பாரின் பக்கத்தினின்று களைக்கொத்தால் தோண்டினால் காயம் குறையும். காயம்பட்டதை அன்றே சமையலுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

நல்ல விதை, நல்ல பருவம், இருமுறை மண் அணைப்பு மூன்றும் அமைந்தால், அரை செண்டில் 30 முதல் 35 கிலோ எதிர்பார்ப்பது மிகையாகாது. இது நட்ட விதையைப்போல் ஐந்து மடங்கு. மாசியில் சந்தையிலும் கிழங்கு மலிந்திருக்குமாதலால், பணக்கணக்கு ஒன்றையே பார்ப்பவருக்கு இதில் பெரிய லாபமில்லை என்பதை ஒளிக்காமற் சொல்லுதல் தகும். கால் செண்டு மாத்திரமே உடையவர் அதில் முருங்கையும் கீரையும் அவரையும் வளர்ப்பதே குடும்பத்தின் ஆரோக்கியத்துக்கு மேல். ஆனால் அவற்றுக்குப் போக இடமிருப்பவருக்கு, மூன்று மாதத்திற்குத் தங்கள் கையால் விளைந்த, என்ன தெளித்தோம் என்று தெரிந்த கிழங்கு கிடைக்கும். தோலோடு வேகவைத்து உண்டால் கேழ்வரகில் இல்லாத சி வைட்டமினும் ஓரளவு சேரும். தொழிற்சாலைக் குடியிருப்புகளில் முற்றமே இல்லாதவர்கள் பழைய சாக்குப் பையில் பாதி மண்ணிட்டு ஒரு விதை நட்டு, செடி வளர வளர மண் நிரப்பிவரலாம். ஒரு பைக்கு அரை கிலோ கிடைத்தால் திருப்தியடைய வேண்டும்.

தோண்டிய கிழங்கைக் கழுவாமல், நிழலில் பத்துப் பதினைந்து நாள் ஆறவிட்டு, காற்றோட்டமுள்ள இருட்டறையில் மூங்கில் தட்டின்மேல் பரப்பவேண்டும். அந்துப்பூச்சி முட்டையிடாமலிருக்க, இப்பகுதியில் வேலியெங்கும் மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடியின் உலர்ந்த இலையை மேலே ஓர் அங்குலக் கனத்திற்குப் போர்த்தினால் நல்ல பலனுண்டு. வாரம் ஒருமுறை புரட்டி அழுகலைப் பொறுக்கவேண்டும். இவ்வாறு செய்தால் சித்திரைவரை தாங்கும்.

அதற்குமேல் வைத்து, அடுத்த ஐப்பசிக்கு விதையாக்கலாமே என்ற ஆசை ஒவ்வொரு வீட்டிலும் எழும். முதல் வருஷம் நன்றாய் விளைந்த வீட்டில் அதிகமாகவே எழும். சித்திரை, வைகாசி வெப்பத்தில் எட்டு மாதம் கிழங்கு நிற்காது. நின்றதும் அசுவினி ஏற்றிய நோயோடு நிற்கும். ஆகவே அதை உண்டு தீர்த்துவிட்டு, ஏழு வீட்டு நோட்டுப் புத்தகத்தை ஆவணி முதல் வாரத்தில் மறுபடி எடுத்து, சென்ற வருஷத்துச் செலவுக் கணக்கை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்த பிறகு, புதிய வசூலை ஆரம்பிக்கலாம்.